உள்தலைப்பா, தொடர் பத்தியா, நிகழ்ச்சி வரிசையா? பத்தாம் வகுப்புக் கட்டுரைக்கு ஓர் ஒப்பீடு

சேலத்தில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்க நெருங்க ஒரு கேள்வி மட்டும் விடாமல் வரும். "மிஸ், கட்டுரைக்கு உள்தலைப்பு போடணுமா, இல்ல பத்தி பத்தியா எழுதுனா போதுமா?" பள்ளியில் ஒருவிதமாகச் சொல்லியிருப்பார்கள். போன வருடம் எழுதி முடித்த அக்கா வேறுவிதமாகச் சொல்லியிருப்பாள். பிள்ளை நடுவில் நின்று தவிக்கும்.

இந்த முறை அதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டவர் ஓர் அம்மா. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை அவருக்கு. சனிக்கிழமைதோறும் மகளை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு மலையிறங்கி வருவார். மகளின் நோட்டை என் முன்னால் விரித்து, "ஏனுங்க டீச்சர், இவ எழுதுனது ஒவ்வொண்ணா பாத்தா நல்லாத்தான் இருக்குது. சேத்துப் படிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குதுங்க" என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். கட்டுரை நோட்டுகளில் நான் சிவப்பு மையில் எழுதிவந்த குறிப்புகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் தெளிவாக இருந்தது. எந்தக் கட்டுமானத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பத்திகள் ஒட்டுகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கண்ணோடுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களையும், இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் பட்டியலிட்டிருக்கிறார். நூல் எழுதுபவர்களுக்காகச் சொன்னது என்றாலும், பதினைந்து வயதுப் பிள்ளையின் மூன்று பக்கக் கட்டுரைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. குற்றங்களில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கூறியது கூறல். முன்னுரையில் சொன்னதையே நடுவிலும் முடிவிலும் திரும்பச் சொல்வது.

மற்றொன்று விரித்தல். கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை நீட்டுவது.

சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் விரிவாக ஓடி, போகப் போக மெலிந்து, கடைசியில் இரண்டு வரியில் முடிந்துபோவது. பத்தாம் வகுப்புக் கட்டுரைகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவது குற்றத்தைத்தான்.

அழகுகளில் 'முறையின் வைப்பு' ஒன்று. எதற்குப் பின் எது வர வேண்டுமோ அதை அங்கே வைப்பது. பத்தி பிரிப்பது என்ற வேலையே இதற்குள் அடங்கிவிடும்.

இவற்றோடு தேர்வுக்கூடத்து நிலவரம் இரண்டையும் சேர்க்க வேண்டும். முதலாவது நேரம். தமிழ்த் தாள் 3 மணி நேரம், 100 மதிப்பெண். அந்தக் கணக்கில் 8 மதிப்பெண் கட்டுரைக்குக் கிடைப்பது 14 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ஒரு மதிப்பெண் வினாக்களில் மிச்சம் பிடித்தவர்களுக்கு 20 நிமிடம் வரை கிடைக்கலாம். இரண்டாவது திருத்துபவரின் கண். கட்டுக்கட்டாகத் தாள்களைப் பார்ப்பவருக்கு, கேட்ட குறிப்புகள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்பது தேடாமலே தெரிய வேண்டும்.

எல்லா வகைக்கும் ஒரே பயிற்சித் தலைப்பை எடுத்துக்கொள்வோம். நான் வகுப்பில் கொடுத்தது: 'சேலம் மாவட்டத் தொழில்வளம்'. குறிப்புகள்: முன்னுரை - ஜவ்வரிசி - நெசவு - வெள்ளிக் கொலுசு - இரும்பு - முடிவுரை.

## உள்தலைப்புக் கட்டுரை

கொடுத்த குறிப்பு ஒவ்வொன்றையும் தலைப்பாக்கி, கோடிட்டு, கீழே ஒரு பத்தி எழுதுவது. பெரும்பாலான பள்ளிகள் சொல்லித் தருவது இதைத்தான். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எந்தக் குறிப்பும் விட்டுப்போகாது. பதற்றத்தில் மறந்தாலும் அடுத்த தலைப்பு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். திருத்துபவருக்கும் ஒரு பார்வையில் எல்லாம் தெரியும்.

ஒட்டவில்லை என்று அந்த அம்மா சொன்ன கட்டுரையும் இந்த வகைதான். ஜவ்வரிசி என்ற தலைப்பின் கீழ் ஜவ்வரிசி பற்றி நான்கு வரி. நெசவு என்ற தலைப்பின் கீழ் சேலம் வெண்பட்டு பற்றி நான்கு வரி. கொலுசின் கீழ் செவ்வாய்ப்பேட்டை. ஒவ்வொன்றும் சரி. ஆனால் தலைப்புகளைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால், ஏன் கிழங்கிலிருந்து நூலுக்குத் தாவினோம் என்று புரியாது. தலைப்பு பாலம் போலத் தெரியும். உண்மையில் பாலம் இருக்க வேண்டிய இடத்தை அது மூடிக்கொண்டு நிற்கிறது. இதுதான் இந்த வகையின் மறைந்திருக்கும் செலவு.

அடுத்த செலவு நேரம். தலைப்பு எழுத, ஸ்கேலை எடுக்க, கோடு போட, வரி விட என்று ஆறு தலைப்புக்கு மூன்று நிமிடமாவது போய்விடும். கலர் கலராகக் கோடு போடும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை மட்டுமே என்று வினாத்தாளின் தலையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பலர் அதைப் படிப்பதே இல்லை.

சென்று தேய்ந்து இறுதலும் இங்கேதான் கூடுதல். முதல் தலைப்புக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசித் தலைப்புக்கு இரண்டு வரி எழுதி நிறுத்துவார்கள். தலைப்பு இருப்பதாலேயே பத்தி முடிந்துவிட்டது என்று மனம் ஏமாந்துவிடுகிறது.

இதற்கு மருந்து சின்னது. தலைப்பு இருக்கட்டும். அதன் கீழ் வரும் முதல் வாக்கியம் மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையும் நானும் சேர்ந்து இப்படி மாற்றினோம்:

நெசவு: "குச்சிக்கிழங்கை நம்பும் குடும்பங்களுக்கு வயலும் ஆலையும் வேண்டும், நெசவை நம்பும் குடும்பங்களுக்கோ வீடே தொழிற்கூடம்."

வெள்ளிக் கொலுசு: "தறியைப் போலவே வீட்டுக்குள் அடங்கும் இன்னொரு கைத்தொழில், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு."

இரும்பு: "கொலுசுக்குச் சிறு பட்டறை போதும், இரும்புக்கு அது போதாது. கஞ்சமலையின் அடிவாரத்தில் சேலம் உருக்காலை பரந்து கிடக்கிறது."

வயல், வீடு, பட்டறை, ஆலை என்று ஒரு வரிசை தானாகவே கிடைத்துவிட்டது. தகவல் ஒன்றுகூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. (குச்சிக்கிழங்கு நம் பக்கத்துப் பேச்சு வழக்கு. தேர்வில் மரவள்ளிக்கிழங்கு என்று எழுதச் சொன்னேன். வெளியூரில் திருத்துபவருக்கு அது உடனே புரியும்.)

எப்போது இது நல்லது: வினாவிலேயே குறிப்புகள் கொடுத்திருந்தால், நேரம் குறைவாக இருந்தால், பதற்றத்தில் மறக்கும் பிள்ளையாக இருந்தால்.

## தொடர் பத்திக் கட்டுரை

உள்தலைப்பே இல்லை. ஒரு பத்திக்கு ஒரு கருத்து; ஒரு பத்தி முடியும் இடத்திலிருந்து அடுத்தது கிளம்ப வேண்டும். தமிழுக்கு இது புதிதல்ல. ஒரு பாட்டின் இறுதியில் நின்ற எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த பாட்டின் முதலாக வருவதை அந்தாதி என்று செய்யுளில் வைத்திருக்கிறோம். அந்தத்தை ஆதியாக்குவது. உரைநடையில் அதே சொல்லைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. அதே கருத்து கைமாறினால் போதும்.

மேட்டூர் அணையைப் பற்றி ஒரு மாணவன் எழுதியதைப் பாருங்கள். முதல் பத்தி இப்படி முடிகிறது: "1925இல் தொடங்கிய கட்டுமானம் 1934இல் நிறைவடைந்தது. அதன்பின் காவிரியின் வெள்ளத்தை 120 அடி வரை இந்த அணை தேக்கியது." அடுத்த பத்தியை அவன் "மேலும், மேட்டூர் அணையால் பல பயன்கள் உள்ளன" என்று தொடங்கியிருந்தான். அதை அடித்துவிட்டு, "தேக்கிய நீர் எங்கே போகிறது? ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம் என்பதால், டெல்டா உழவர்கள் அந்த நாளை எண்ணிக் காத்திருக்கிறார்கள்" என்று எழுதவைத்தேன். 'தேக்கியது' என்ற முடிவு 'தேக்கிய நீர்' என்று தொடக்கமாகிவிட்டது. 'மேலும்' தேவைப்படவே இல்லை.

இந்த 'மேலும்' பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இணைப்புச் சொற்கள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு, பத்திக்கு ஒன்றாகத் தலையில் ஒட்டுகிறார்கள். இணைப்புச் சொல் ஒவ்வொன்றும் படிப்பவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. 'எனவே' என்றால் முன்னால் ஒரு காரணம் வந்திருக்க வேண்டும். 'ஆனால்', 'எனினும்' என்றால் அடுத்து வருவது முன்னதற்கு எதிராகத் திரும்ப வேண்டும். 'காட்டாக' என்றால் பொதுவாகச் சொன்னதற்கு ஒரு குறிப்பான நிகழ்ச்சி வர வேண்டும். 'மேலும்' மட்டும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. 'இன்னொன்றும் இருக்கிறது' என்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் எங்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது, எதையும் ஒட்டுவதும் இல்லை. ஒரு கட்டுரைக்கு ஒரு 'மேலும்' போதும் என்பது என் வகுப்பில் சட்டம்.

வாக்கிய அமைப்பிலும் சில இடங்களில் வழுக்கும். "ஏனெனில் ஏற்காடு உயரத்தில் இருப்பதால்" என்று எழுதினால் காரணத்தை இரண்டு முறை சொன்னதாகும். 'ஏனெனில்' போட்டால் வாக்கியம் 'இருக்கிறது' என்று நேராக முடிய வேண்டும். 'இருந்தாலும் ஆனால்' என்பதிலும் ஒன்று போதும். 'அது மட்டுமன்றி' என்று தொடங்கினால் அடுத்த பெயரில் ஓர் 'உம்' கட்டாயம் வேண்டும்: "அது மட்டுமன்றி, மிளகும் இங்கே விளைகிறது." அந்த 'உம்' விட்டுப்போனால் வாக்கியம் நொண்டும். தமிழில் பாதி இணைப்பு வேலையைத் தனிச்சொற்கள் செய்வதில்லை. இந்த 'உம்', 'ஓ', 'இந்த', 'அந்த' போன்ற சின்னவைதான் செய்கின்றன. "காபிப் பயிர் 1820களில் ஏற்காட்டுக்கு வந்தது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதைக் கொண்டுவந்தார்" என்பதில் 'அப்போது', 'அதை' இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத தையல்.

மறைந்திருக்கும் செலவு என்ன? எழுதத் தொடங்குமுன் மூன்று நிமிடம் யோசிக்க வேண்டும். அதைச் சேமிக்க நினைப்பவர்களுக்கு நடுவில் வழி தவறும். பத்தி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே பத்தியாக நீளும். கேட்ட குறிப்பில் ஒன்று விட்டுப்போனால் எழுதியவருக்குத் தெரியாது, திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். குறிப்பு வந்தும் பத்தியின் நடுவில் புதைந்துபோய்க் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே குறிப்பில் உள்ள சொல்லைப் பத்தியின் முதல் வரியிலேயே கொண்டுவந்துவிடுவது பாதுகாப்பு.

எப்போது இது நல்லது: குறிப்பு கொடுக்காமல் தலைப்பு மட்டும் கொடுக்கும் கட்டுரைப் போட்டிகளில், ஒரு கருத்தை ஆதரித்தோ மறுத்தோ வாதிட வேண்டிய இடத்தில். "ஏற்காட்டுக்குச் சுற்றுலா நன்மையா, தீமையா?" என்ற தலைப்பைத் துண்டு துண்டாக எழுத முடியாது. நன்மையைச் சொல்லி, 'ஆனால்' என்று திரும்பி, மலைப்பாதை நெரிசலையும் குப்பையையும் சொல்லி, 'அப்படியானால்' என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்தத் திருப்பங்கள்தான் அங்கே கட்டுரை.

## நிகழ்ச்சி வரிசைக் கட்டுரை

நடந்தது நடந்தபடி, அல்லது செய்வது செய்யும்படி. பயணம், விழா, செய்முறை ஆகியவற்றுக்கு இதைவிட எளிய வழி இல்லை. 'முறையின் வைப்பு' தானாகவே கிடைத்துவிடும், காலமே அடுக்கிக் கொடுத்துவிடுவதால். ஜவ்வரிசி எப்படி வருகிறது என்று எழுதச் சொன்னால், தமிழில் தடுமாறும் பையன்கூட அழகாக எழுதுகிறான்: கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பால் எடுத்து, படியவைத்து, குருணையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். அந்தப் பையனின் அப்பாவுக்கு ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை. அவன் அங்கே நின்று பார்த்ததால் ஒரு படிகூட விட்டுப்போகவில்லை. தமிழின் வினையெச்சமே இணைப்புச் சொல்லின் வேலையைச் செய்துவிடுவதைக் கவனியுங்கள்: 'உரித்து', 'அரைத்து', 'எடுத்து'. 'பிறகு' ஒன்றுகூட இல்லை.

சிக்கல் வருவது பயணக் கட்டுரையில். ஏற்காட்டுச் சுற்றுலா என்றதும் விடியற்காலை எழுந்தது, இட்லி கட்டியது, பஸ்ஸுக்கு நின்றது, யாருக்கு ஜன்னல் சீட் என்று சண்டை போட்டது எல்லாம் ஒரு பக்கம் வரும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றாக எண்ணி எழுதியவர்களும் உண்டு. ஏரிக்குப் போய்ச் சேரும்போது நேரம் முடிந்திருக்கும். சேர்வராயன் கோயிலும் கிளியூர் அருவியும் ஒரே வரியில் போய்விடும். மற்றொன்று விரித்தலும் சென்று தேய்ந்து இறுதலும் கைகோத்துக்கொண்டு வரும் இடம் இது.

வழி: எல்லா நேரத்துக்கும் சம இடம் கொடுக்காதீர்கள். ஏறிய பயணத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, மனத்தில் நின்ற ஓர் இடத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். 'பிறகு, அப்புறம், அதன் பின்' என்று நீளும் சங்கிலியை இடத்தால் அறுக்கலாம்: "ஏரிக்கரையில் இருந்த வெயில் கோயில் இருக்கும் உச்சியில் இல்லை." காலத்தைச் சொல்லாமலே இடம் மாறிவிட்டது, படிப்பவரும் கூடவே ஏறிவிட்டார்.

எப்போது இது நல்லது: பயணம், விழா, அனுபவம், செய்முறை. தொழில்வளம், சுற்றுச்சூழல், நூலகத்தின் பயன் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே எதுவும் நடப்பதில்லை.

## மனப்பாடக் கட்டுரை

இதையும் ஒரு வழியாக நினைப்பவர்கள் இருப்பதால் சேர்க்கிறேன். கைடில் உள்ளதை அப்படியே ஒப்பிப்பது. மிகவும் மெதுவாக எழுதும், வாக்கியம் அமைக்கவே திணறும் பிள்ளைக்கு இரண்டு மூன்று கட்டுரை கையில் இருப்பது ஒரு தைரியம், அதை நான் தடுப்பதில்லை. ஆனால் வினாவில் ஒரு குறிப்பு மாறினால் எங்கே செருகுவது என்று தெரியாது. ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது. நேரத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்வதைவிட, அதே நேரத்தில் நான்கு தலைப்புகளுக்குச் சட்டகம் மட்டும் போட்டுப் பழகுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உள்தலைப்பு | தொடர் பத்தி | நிகழ்ச்சி வரிசை |
|---|---|---|---|
| குறிப்பு விட்டுப்போகும் அபாயம் | மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| முன்கூட்டி யோசிக்கும் நேரம் | ஒரு நிமிடம் | மூன்று நிமிடம் | ஒரு நிமிடம் |
| பத்திகள் ஒட்டுவது | முயன்றால்தான் | இயல்பாக | காலத்தால் தானாக |
| வழக்கமாக வரும் குற்றம் | சென்று தேய்ந்து இறுதல் | நீண்டு குழம்புதல் | மற்றொன்று விரித்தல் |
| பொருந்தும் தலைப்பு | குறிப்பு கொடுத்தவை | வாதம், கருத்து | பயணம், செய்முறை |

கூறியது கூறல் மூன்றுக்கும் பொது. முன்னுரையை வெட்டி ஒட்டி முடிவுரையாக்கும் பழக்கம் எல்லா வகையிலும் இருக்கிறது. முடிவுரைக்கு, கட்டுரை தொடங்கும்போது சொல்ல முடியாத ஒன்றை வையுங்கள். தொழில்வளக் கட்டுரையில், நான்கு தொழிலையும் பார்த்த பிறகுதான் 'இந்த மாவட்டத்தில் வீடும் ஆலையும் ஒரே தெருவில் இருக்கின்றன' என்று சொல்ல முடியும்.

## யாருக்கு எது

பொதுத்தேர்வில் குறிப்புகளோடு வரும் 8 மதிப்பெண் கட்டுரைக்கு உள்தலைப்பையே நான் சொல்கிறேன், ஒவ்வொரு தலைப்பின் கீழும் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு வாக்கியத்தோடு. ஆனால் டிசம்பர் வரை வீட்டுப் பயிற்சி முழுவதும் தொடர் பத்தியிலேயே இருக்கட்டும். தலைப்பு இல்லாமல் ஒட்டவைக்கப் பழகிய கைக்குத் தலைப்போடு ஒட்டவைப்பது சுலபம். தலைப்போடு மட்டுமே பழகிய கைக்குப் பதினொன்றாம் வகுப்பிலும் கல்லூரியிலும் தலைப்பை எடுத்துவிட்டால் எழுதவே வராது. அப்படித் திரும்பி வந்த பழைய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிசை உண்மையிலேயே ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கட்டுரையை எழுதி முடித்ததும், தலைப்பு, எண் எதுவும் இல்லாமல் பத்தி பத்தியாகக் கத்தரித்து, கலைத்து, அதைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்வது. அவர் சரியாக அடுக்கினால் பத்திகள் ஒட்டியிருக்கின்றன. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பாலம் இல்லை, அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

போன சனிக்கிழமை ஏற்காட்டுப் பிள்ளையின் திருத்திய கட்டுரையை அப்படிக் கத்தரித்து அவளுடைய அம்மாவிடமே கொடுத்தேன். பாயில் உட்கார்ந்து ஆறு துண்டுகளையும் மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். ஜவ்வரிசி, நெசவு, கொலுசு சரியாக வந்தன. இரும்பையும் முடிவுரையையும் மாற்றி வைத்துவிட்டு, "இது ரெண்டுலயும் எது முன்னாலன்னு தெரியலையே கண்ணு" என்று மகளைப் பார்த்தார். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு முடிவுரையின் முதல் வரியை அடித்தாள்.